உடலின் காவற்படையும் ஒளிந்திருக்கும் பகைவனும்

சில மாதங்களுக்கு முன் நமது சங்க அலுவலகத்திற்கு ஓர் அன்பரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய தந்தையார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து தாராவியில் குடியேறிய குடும்பம் அது. அன்பரின் தம்பிக்கு வளைகுடா நாடு ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. பெட்டி கட்டுவதற்கு முன் மிச்சமிருந்தது வைத்தியப் பரிசோதனை ஒன்றே. அதில் அவர் ரத்தத்தில் ‘ஹெபடைடிஸ் பி’ என்னும் வைரஸ் இருப்பதாகக் கண்டு, தகுதியில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

வேலை போனது ஒரு துன்பம். அதைவிடப் பெரிய துன்பம் அடுத்து வந்தது. யாரோ ஓர் இடைத்தரகர் வீடு தேடி வந்து, “மாத்திரை சாப்பிட்டால் ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டும். இப்போது நோய் எதிர்ப்பு அணுச் சிகிச்சை என்று ஒன்று வந்திருக்கிறது. உடம்பிலிருந்து ரத்தம் எடுத்து, அதிலுள்ள அணுக்களை வளர்த்துத் திரும்பச் செலுத்துவார்கள். மூன்றே மாதத்தில் கிருமி அடியோடு போய்விடும், வேலைக்கும் போய்விடலாம்” என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஆகும் செலவு பல லட்சம். “ஊரிலுள்ள நிலத்தை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறோம். படித்தவர்கள் நீங்கள், வழி சொல்லுங்கள்” என்று கடிதம் முடிந்திருந்தது.

நாம் வைத்தியர்கள் அல்லர். ஆயினும் நம்பிக் கேட்டவருக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிடலாகாது. எனவே நம் சங்கத்து அங்கத்தினர்களாகிய டாக்டர்கள் இருவரைக் கலந்துகொண்டோம். விஞ்ஞான ஏடுகளையும் புரட்டினோம். அறிந்தவற்றை அந்த ஒரு குடும்பத்திற்கு மட்டும் எழுதிவிட்டு அமையாமல் எல்லார்க்கும் பயன்படுமாறு இங்கே தருகிறோம். தரகர் சொன்னது முழுப் பொய்யன்று. முழுப் பொய்யாயிருந்தால் மறுப்பது எளிது. பாதி உண்மையே ஆபத்தானது.

காவற்படை என்பது யாது?

நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களுள் ‘டி அணுக்கள்’ என்று ஒரு வகை உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சிறு சுரப்பியில் இவை பயிற்சி பெற்று வெளிவருகின்றன. அந்தச் சுரப்பி எதற்காக இருக்கிறது என்பதே நெடுங்காலம் விளங்காதிருந்தது; 1961-ல் ஜாக் மில்லர் என்பவர் எலிகளை வைத்து அதன் தொழிலைக் கண்டறிந்தார்.

வைரஸ் என்பது தானே தனித்து வாழும் உயிரன்று. நம் உடலின் அணுவுக்குள் புகுந்து, அங்குள்ள சாமான்களைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். வீட்டுக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்ட திருடனைத் தெருவிலிருக்கும் காவலன் எப்படி அறிவான்? இதற்கு விடை 1974-ல் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ரோல்ஃப் ஜிங்கர்நாகல், பீட்டர் டோஹெர்ட்டி என்னும் இருவர், ஒவ்வோர் அணுவும் தன்னுள் நடப்பவற்றின் மாதிரியைத் தன் வெளிச்சுவரில் எடுத்துக்காட்டுகிறது என்றும், டி அணு அந்த மாதிரியையும் அந்த வீட்டின் அடையாளக் குறியையும் சேர்த்துப் படித்தே உள்ளே திருடன் இருப்பதை அறிகிறது என்றும் காட்டினர். இதற்காக 1996-ல் அவர்களுக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இந்த அடையாளக் குறி ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருடைய காவலர்களை மற்றொருவர் உடலுக்கு நினைத்தபடி அனுப்பிவிட முடியாமைக்கு இதுவே முதற் காரணம். பொருந்தாத டி அணுக்கள் புகுந்தால், புகுந்த வீட்டையே பகைவன் வீடு என்று எண்ணித் தாக்கத் தொடங்கும்.

பகைவன் ஏன் தங்கிவிடுகிறான்?

சளிக்காய்ச்சல் வைரஸ் வந்த சில நாட்களில் போய்விடுகிறது. ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. போன்றவை பலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. காரணங்கள் இரண்டு.

முதலாவது, இவை ஒளிந்துகொள்ளும் இடம். எச்.ஐ.வி., டி அணுவின் மரபுச் சுவடியிலேயே தன் எழுத்தைக் கலந்து எழுதிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி, கல்லீரல் அணுவின் நடுவறைக்குள் சிறு வளையம்போலத் தன் மூல ஏட்டை வைத்துவிடுகிறது. மாத்திரைகள் புதிய பிரதிகள் எடுக்கப்படுவதைத் தடுக்கின்றனவே அன்றி, அந்த மூல ஏட்டை அழிப்பதில்லை.

இரண்டாவது காரணம் காவலரின் களைப்பு. ஓயாமல் பகைவனைக் கண்டு கண்டு, டி அணுக்கள் நாளடைவில் சோர்ந்துவிடுகின்றன. இருக்கும், ஆனால் தாக்கமாட்டா. நமது உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற ரஃபி அகமது என்ற விஞ்ஞானி இத்துறையில் பெரும்பணி புரிந்தவர். களைத்த அணுக்களின் மேல் ஒரு வகைத் ‘தடைக்கட்டை’ மிகுந்திருப்பதையும், அதை மறைத்தால் அவை ஓரளவு மீண்டும் எழுந்து போரிடுவதையும் 2006-ல் அவர் குழுவினர் எலிகளில் காட்டினர்.

களைத்த படைக்குப் பதிலாகப் புதுப்படை அனுப்பலாமே என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் நோய் எதிர்ப்பு அணுச் சிகிச்சை.

வென்ற இடங்கள்

ரத்தப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு எலும்பு மஜ்ஜையை மாற்றி வைக்கிறார்கள். நம் நாட்டில் இது 1983-ல் பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. 1986-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிற்று. மஜ்ஜை மாற்றிய பின் சில மாதங்கள் நோயாளிக்குக் காவற்படையே இராது. வாழ்நாள் முழுவதும் நம் உடலில் தூங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ் போன்றவை அப்போது விழித்துக்கொண்டு உயிரையே குடித்துவிடும்.

1992-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்டான்லி ரிட்டல், பிலிப் கிரீன்பர்க் ஆகியோர் ஒரு துணிவான காரியம் செய்தனர். மஜ்ஜை கொடுத்தவரின் ரத்தத்திலிருந்து சைட்டோமெகலோ வைரஸை மட்டும் தாக்கும் டி அணுக்களைப் பொறுக்கியெடுத்து, கண்ணாடிக் கலங்களில் வாரக்கணக்கில் வளர்த்து, மூன்று நோயாளிகளுக்கு ஏற்றினர். தீங்கு விளையவில்லை, பாதுகாப்பு உண்டாயிற்று. 1995-ல் பதினான்கு பேருக்குச் செய்தபோது ஒருவருக்கும் அந்த வைரஸ் நோய் வரவில்லை.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் விஷயத்தில் கிளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லாப் முதலியோர் இதே வழியில் சென்றனர். இந்த வைரஸ், காவலற்ற உடலில் ஒருவகை நிணநீர்க் கட்டியை உண்டாக்கும். 2010-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, முன்னெச்சரிக்கையாக அணுக்கள் பெற்ற 101 பேரில் ஒருவருக்கும் கட்டி வரவில்லை. ஏற்கெனவே கட்டி வந்திருந்த 13 பேரில் 11 பேருக்கு அது முற்றிலும் கரைந்தது. மரணத்தின் வாயிலில் நின்றவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே அணு வளர்க்க நாட்கள் பல ஆகும். அதற்குள் நோயாளி இறந்துவிடலாம். ஆதலால், ஆரோக்கியமான பிறரின் அணுக்களை முன்னரே வளர்த்து உறைபனியில் வைத்திருந்து, ஓரளவேனும் பொருந்துகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் முறை வந்தது. இவ்வகையில் டாபெலெக்லூசெல் என்ற மருந்துக்கு, எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் மேற்சொன்ன கட்டிக்காக, 2022 டிசம்பரில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. இவ்வாறு முன்னரே வளர்த்து வைத்த பிறருடைய டி அணுக்கள் மருந்தாக அனுமதிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

தோற்ற இடத்தையும் சொல்லவேண்டும். ஆறு வைரஸ்களை ஒருசேர எதிர்க்கும் போசொலூசெல் என்ற அணு மருந்து முதற்கட்ட ஆய்வுகளில் நம்பிக்கை ஊட்டியது. ஆனால் இறுதிக்கட்டத்தில் மூன்று பெரிய ஆய்வுகளையும், எதிர்பார்த்த பலன் கிட்டாது என்று தெரிந்து, 2023 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். சிறு ஆய்வில் கண்ட ஒளி பெரிய ஆய்வில் மங்குவது வைத்தியத்தில் புதிதன்று.

எச்.ஐ.வி.யின் கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையிலேயாகும். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவுடன், பலர் நம்ப மறுத்த காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்து அதனை நிறுவினார்.

இந்நோயிலிருந்து முற்றும் விடுபட்டவராக உலகம் முதலில் அறிந்தவர் டிமதி ரே பிரௌன். அவருக்கு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. பெர்லின் நகரில் டாக்டர் கேரோ ஹ்யூட்டர், எச்.ஐ.வி. நுழையும் வாயில் பிறவியிலேயே இல்லாத ஒருவரின் அணுக்களைத் தேடிப்பிடித்து 2007-லும், மறுபடி 2008-லும் அவருக்கு மாற்றி வைத்தார். எச்.ஐ.வி. மறைந்தது, திரும்பவே இல்லை. 2020-ல் அவர் இறந்ததும் பழைய புற்றுநோய் திரும்பியதால்தான். பின்னர் லண்டனில் ஆடம் காஸ்டிலேஹோ என்பவரும் இவ்வாறே விடுபட்டது 2019-ல் வெளியாயிற்று.

அப்படியானால் எல்லார்க்கும் செய்யலாமே என்று தோன்றும். கூடாது. மஜ்ஜை மாற்றத்தில் உயிரிழப்போர் உண்டு. புற்றுநோயால் வேறு வழியின்றி இருப்பவர்க்கே அந்த அபாயம் தகும். தினம் மாத்திரை உட்கொண்டு நெடுங்காலம் நலமாக வாழக்கூடிய ஒருவரை அந்த நெருப்பாற்றில் இறக்குவது வைத்தியமாகாது. நோயாளியின் சொந்த டி அணுக்களிலேயே அந்த வாயிலை அடைத்துத் திரும்பச் செலுத்தும் முயற்சி, கார்ல் ஜூன் முதலியோரால் பன்னிரண்டு பேரிடம் நடைபெற்று 2014-ல் வெளிவந்தது. அணுக்கள் உடலில் தங்கின. ஆனால் மாத்திரையை நிறுத்திப் பார்த்தவர்களுள் பெரும்பாலாரிடம் கிருமி மீண்டும் தலைகாட்டிற்று.

ஹெபடைடிஸ் பி: அன்பரின் கேள்வி

இனி, நம்மிடம் கேட்ட கேள்விக்கு வருவோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸைத் தாங்கி வாழ்ந்தனர்; இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர். உலகில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கே தமக்கு அது இருப்பது தெரியும். ஆகவே, அன்பரின் தம்பி தனியர் அல்லர். அறிந்துகொண்ட சிலருள் ஒருவர். அந்த வகையில் அவர் பாக்கியசாலி என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள்.

அணுச் சிகிச்சையால் இது போகுமா? போகக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. ஹாங்காங்கில், ரத்தப் புற்றுநோயோடு இந்த வைரஸையும் உடையவர்கள் சிலர், வைரஸை முன்பே வென்ற உடலுடைய சகோதரர் போன்றோரிடமிருந்து மஜ்ஜை பெற்றபோது, வைரஸின் அடையாளப் பொருள் அவர்கள் ரத்தத்திலிருந்து மறைந்தது 1997-ல் எழுதப்பட்டது. வென்றவரின் காவலர் படை, தோற்றவர் உடலில் போய் வென்றது. சிங்கப்பூரில் அண்டோனியோ பெர்ட்டொலெட்டி முதலியோர், நோயாளியின் டி அணுக்களுக்கே இந்த வைரஸை அறியும் புதுக் கண்ணைப் பொருத்தும் வித்தையை வளர்த்து வருகின்றனர். இத்தகைய அணுக்களைப் பெற்ற ஒரு நோயாளியைப் பற்றி 2015-ல் வெளியான குறிப்பில், ரத்தத்தில் வைரஸின் பொருள் குறைந்தது. அவருடைய முற்றிய புற்றுநோய் மட்டும் அடங்கவில்லை என்று காண்கிறோம்.

ஆனால் இங்கே ஒரு பெரிய இடர் இருக்கிறது. டி அணு திருடனை மட்டும் பிடிப்பதில்லை. பெரும்பாலும் திருடன் இருக்கும் வீட்டையே இடித்துவிடுகிறது. கல்லீரலில் லட்சோபலட்சம் அணுக்களில் வைரஸ் பரவியிருக்கும்போது முரட்டுப் படை ஒன்றை ஏவினால், கல்லீரலே அழிந்துபோகலாம். அதனாலேயே சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் சில நாட்களில் தானே மங்கிவிடும் கண்ணைப் பொருத்துகிறார்கள். அதையும் பெரும்பாலும் இவ்வைரஸால் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களிடமே சோதிக்கிறார்கள். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி மட்டும் உள்ள ஒருவருக்கு விலைக்கு விற்கத்தக்க சிகிச்சையாக இது இன்னும் ஆகவில்லை. மூன்று மாதத்தில் கிருமி போய்விடும் என்று உறுதி கூறுகிறவர் விஞ்ஞானத்தைச் சொல்லவில்லை; வியாபாரத்தைச் சொல்கிறார்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கவேண்டும். நம் மும்பையின் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார் 19’ என்ற அணுச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்திய அரசின் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் அதனைத் தொடங்கி வைத்தார். நாம் பெருமை கொள்ளவேண்டிய சாதனை. ஆனால் அது சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு உரியது, வைரஸ் நோய்க்கன்று. சொல்லப்போனால், அத்தகைய சிகிச்சை பெறுவோரிடம் மறைந்திருக்கும் ஹெபடைடிஸ் பி விழித்துக்கொள்ளக்கூடும் என்பதால், முன்கூட்டியே அதைப் பரிசோதிக்கிறார்கள். தரகர் அந்தப் பத்திரிகைச் செய்தியைக் காட்டியே நம் அன்பரை நம்பவைத்திருந்தார்!

கீழாநெல்லி பற்றி

அன்பரின் தாயார், “எதுவும் வேண்டாம், ஊரிலிருந்து கீழாநெல்லி வரவழைத்துக் கொடுத்தால் போதும்” என்றாராம். இதையும் இகழ்ந்து ஒதுக்குவதற்கில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க், சென்னைப் பேராசிரியர் தியாகராஜன் குழுவினருடன் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-ல் வெளிவந்த அவர்கள் கட்டுரை, அதை உட்கொண்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் வைரஸின் அடையாளம் மறைந்ததாகக் கூறி, உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. ஆனால் தாய்லாந்து முதலிய இடங்களில் பிறர் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. நம் மண்ணின் மூலிகை என்பதற்காக நமக்கு ஒரு நீதி, தரகரின் ஊசிக்கு ஒரு நீதி என்று வைத்துக்கொள்ளலாகாது. இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

செய்யத்தக்கவை

எனில் என்னதான் செய்வது? டாக்டர்கள் கூறியதைச் சுருக்கித் தருகிறோம்.

வைரஸ் இருப்பவர் அனைவருக்கும் உடனே மாத்திரை வேண்டியதில்லை. ரத்தத்தில் வைரஸின் அளவு, கல்லீரலின் நிலை ஆகியவற்றைச் சோதித்தே முடிவு செய்வார்கள். மாத்திரை வேண்டாதவரும் தவறாமல் காலந்தோறும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் நோய் சத்தமின்றிக் கல்லீரல் சுருக்கத்திற்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். மாத்திரை வேண்டுவோருக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் என்பவை உண்டு. தினம் ஒன்று உட்கொண்டால் வைரஸ் அடங்கிக் கிடக்கும். டாக்டரைக் கேளாமல் நிறுத்தினால் சீறி எழும். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தின்கீழ் அரசாங்க மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நிலம் விற்க வேண்டிய அவசியமே இல்லை. இதன் தம்பி முறையான ஹெபடைடிஸ் சி வைரஸோ, பெரும்பாலோரிடம் சில மாத மாத்திரையிலேயே அடியோடு ஒழிகிறது.

வீட்டிலுள்ள மற்றவர்கள் பரிசோதித்துக்கொண்டு, வைரஸ் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடுவது மிக மிக முக்கியம். தாயிடமிருந்து குழந்தைக்கு வருவதே பெரும்பாலும் ஆயுள் முழுதும் தங்குகிறது. சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், ஊசி இவற்றைப் பகிர்ந்துகொள்ளலாகாது. கணவன் மனைவி உறவாலும் பரவும். ஊசி போட்டவர்க்கு அந்த அச்சம் இல்லை. ஆனால் சேர்ந்து உண்பதாலோ, தொட்டுப் பேசுவதாலோ, குழந்தையைத் தூக்குவதாலோ இது பரவாது. இது அம்மைபோல் ஒட்டுவாரொட்டி அன்று.

எவரேனும் ‘புதிய அணுச் சிகிச்சை’ என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது அரசாங்கத்தில் பதிவு பெற்ற ஆராய்ச்சியா? ஆராய்ச்சியானால் நோயாளியிடம் பணம் கேட்பது ஏன்? இந்த நோய்க்கு இதற்கு அனுமதி உண்டு என்ற எழுத்து எங்கே? உண்மையான ஆராய்ச்சியாளர் இவற்றுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார். மற்றவர் கோபித்துக்கொள்வார்.

இவற்றையெல்லாம் அன்பருக்கு எழுதியபின், ஒரு ஞாயிறன்று டாக்டர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அவர் இல்லம் சென்றோம். காபி கொடுத்தார்கள். தம்பிக்கு மட்டும் மூலையில் தனியே வைத்திருந்த தம்ளரில் கொடுத்தார்கள். ஒதுக்கி வைக்கவேண்டும் என்ற கெட்ட எண்ணம் அதில் இல்லை. குழந்தைகள் இருக்கும் வீடு என்ற பயமே. அண்ணன் மகள் சித்தப்பாவின் அருகே போகப் பார்த்ததும் தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். தம்பி தலை குனிந்திருந்தார். வேலை போனபோது கலங்காதவர் அதற்குக் கலங்கினார் என்பது முகத்தில் தெரிந்தது. நிலத்தை விற்றேனும் கிருமியைத் தொலைக்க அந்தக் குடும்பம் துடித்ததற்கு வளைகுடா வேலை மட்டும் காரணமன்று என்பதை அப்போது உணர்ந்தோம்.

டாக்டர் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு, தடுப்பூசி எங்கே போடுவார்கள் என்பதை அந்த அம்மையாருக்கு விளக்கினார்.

நிலம் விற்கப்படவில்லை. தம்பிக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டியதில்லை, ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்தால் போதும் என்று அரசாங்க மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வளைகுடா வேலை கைநழுவியது நழுவியதுதான். அதை நம்மால் மீட்டுத்தர இயலவில்லை. இங்கேயே ஒரு பணிமனையில் சேர்ந்திருக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் ஊசி ஆயிற்று.

களைத்த காவலரை எழுப்பும் ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் அது கைகூடும் என்று நம்பவும் இடமிருக்கிறது. அந்த நாள் வரும்போது கல்லீரல் கெடாமல், கையில் உள்ள நிலம் போகாமல், குடும்பம் பிரியாமல் காத்திருப்பதே இன்று நாம் செய்ய வேண்டியது. மருத்துவமனைக்குத் தனியே செல்லத் தயங்குவோர், பாஷை தெரியாமல் திகைப்போர், சங்க அலுவலகத்திற்கு ஒரு சொல் அனுப்பினால் துணைக்கு ஒருவர் வருவார்.